மின்கலங்களும் ஒன்பது விளக்குகளும்

மின்சாரத்தைப் பற்றி உங்களோடு பேசுவதற்குக் கலைப் பட்டதாரியாகிய எனக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நான் பல்கலைக்கழகத்திலே கற்றவை தமிழும் வரலாறும். ஆயினும், வன்னியிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவனுக்குத் தான் கல்லாததையும் சில வேளைகளிற் கற்பிக்க நேர்கின்றது. விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று, அவரிடத்துக்கு வேறொருவர் வராதிருந்த காலத்திலே, பதினோராந் தரத்து மாணவருக்கு மின்னியற் பகுதியை நானே கற்பித்தேன். பாடநூலை முதல்நாள் இரவு படித்து, மறுநாட் காலை ஒப்புவித்தேன் என்று சொல்வதே உண்மைக்குக் கிட்டியது. அவ்வாறு ஒப்புவித்த ஒரு வாக்கியத்தை நம்பியதால் ஒரு பிள்ளையின் விளக்குக் கருகிப் போயிற்று. அதனைப் பற்றியே இன்று பேசப் போகின்றேன்.

“மின்கலங்களைச் சமாந்தரமாக இணைத்தால் அழுத்தம் மாறாது” என்பதே அவ்வாக்கியம்.

இதன் பொருளை முதலில் விளக்கிவிடுகின்றேன். ரோச் லைற்றுக்குப் போடும் உலர்கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ற்று. மூன்று கலங்களை ஒன்றன் தலையில் மற்றதன் அடி பொருந்துமாறு வரிசையாக வைத்தால் மூன்றின் அழுத்தமுங் கூடி 4.5 வோல்ற்று ஆகும். இது தொடரிணைப்பு. அப்படியன்றி, நேர்முனைகளையெல்லாம் ஒன்றாகவும், மறைமுனைகளையெல்லாம் ஒன்றாகவும் பக்கத்துப் பக்கமாகச் சேர்த்தால் அது சமாந்தரம். ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை அடியிலே ஒரு குழாயால் இணைத்தாற்போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர்வதில்லை. ஆனால் இருக்கும் நீர் இருமடங்கு. ஆதலால் இருமடங்கு நேரம் பாயும். பாடநூல் சொல்வது இவ்வளவே. நானுஞ் சொன்னது இவ்வளவே.

2022ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மே மாதத்திலே சாதாரண தரப் பரீட்சை. என் வகுப்பிலே ஒரு மாணவி, கடையில் மலிவாக வாங்கிய சிறு ரோச் லைற்றின் ஒளியிற் படித்து வந்தாள். அதற்குள் ஒன்பது வெண்ணிற எல்.ஈ.டி. விளக்குகள், சுண்டுவிரற் பருமனான மூன்று பற்றரிகள். பற்றரிகளோ ஓரிரு மணித்தியாலத்திற் சோர்ந்துவிடும். பிள்ளை யோசித்தாள். வயற்காவலுக்குப் போகும் தந்தையிடமும் மாமனிடமும் பெரிய ரோச் லைற்றுகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் தடித்த பற்றரிகள் மூன்று மூன்று, அண்மையில் வாங்கியவை. மும்மூன்றாகத் தொடராக்கிய இரண்டு வரிசைகளையுஞ் சமாந்தரமாக இணைத்து, அந்த ஒன்பது விளக்குகளையும் ஒரு மட்டையிற் பதித்து, மேசை விளக்கு ஒன்று செய்தாள். அழுத்தம் முன்போலவே 4.5 வோல்ற்றுத்தானே, ஆகவே விளக்குக்குத் தீங்கு வராது, நேரம் மட்டும் நீளும் என்பது அவள் கணக்கு. என்னிடம் கற்ற கணக்கு.

விளக்கு ஏற்றியவுடன் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் வந்ததாம். சில நிமிடத்தில் ஒரு விளக்கு நீலம்பாரித்து மங்கி அணைந்தது. பின்னர் மற்றொன்று. பின்னர் மற்றவை விரைவு விரைவாக அணைந்தன. மறுநாள் அந்த மட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

“அழுத்தம் மாறாது எண்டு சொன்னீங்கள், சேர். பிறகேன் எரிஞ்சது?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “பிள்ளை, நீர் இணைத்ததிலேதான் பிழை இருக்கும். நேரும் மறையும் மாறியிருக்கும்” என்றேன். சற்றே சிந்தித்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எல்.ஈ.டி. என்பது மின்னை ஒரு திசையில் மாத்திரம் போகவிடும் பொருள்; முனை மாறியிருந்தால் அது ஒளிர்ந்தேயிராது, கண்ணைக் கூசவைப்பது எங்ஙனம்? பிள்ளை ஒன்றும் பேசாமற் போய்விட்டாள். மட்டை என் அலுமாரியின் மேல் இருந்தது. பரீட்சை வந்தது, போயிற்று.

சில மாதங்களின் பின், பாடசாலையின் ஒலிபெருக்கியைத் திருத்துவதற்காகச் சந்தையடியில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் போனேன். மட்டையையும் எடுத்துச் சென்று கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான்: “அழுத்தம் மாறாது எண்டால், மீற்றரை எப்ப வச்சுப் பாத்தனீங்கள் ஐயா? சும்மா இருக்கேக்கையோ, வேலை செய்யேக்கையோ?”

பின்னர் அவரே செய்து காட்டினார். அத்தகைய சிறு ரோச் லைற்று ஒன்றின் மூன்று பற்றரிகளையும் அளந்தார்: 4.5 வோல்ற்று. 10 ஓம் தடையி ஒன்றைக் குறுக்கே கொடுத்துவிட்டு மீண்டும் அளந்தார். மானி ஏறத்தாழ 3.7க்கு இறங்கிவிட்டது. தடித்த பற்றரிகளை அந்தப் பிள்ளை செய்தது போல இரு வரிசையாக வைத்து அளந்தார். சும்மா இருக்கையில் அதே 4.5, அதே தடையியைக் கொடுத்த பின்னும் 4.4.

பாடநூலின் வாக்கியம் பொய்யன்று. மின்னோட்டம் இல்லாதபோது இரண்டுக்கும் அழுத்தம் ஒன்றே. மின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு கலமுந் தன் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தனக்குள்ளேயே இழக்கின்றது. கலத்தின் உள்ளே இருக்கும் இரசாயனப் பொருள்களும் மின்னைத் தடுப்பவையே. இதற்கு அகத்தடை என்று பெயர். சிறிய மலிவான கலத்துக்கு அது பெரிது; பெரிய கலத்துக்குச் சிறிது. இரண்டு வரிசைகளைச் சமாந்தரமாக்கினால் மின் ஓடுவதற்கு இரு வழிகள் கிடைப்பதால் அகத்தடை பாதியாகின்றது. மாறாதது மின்னியக்க விசை, மாறியது அகத்தடை.

இப்பொழுது அந்த மலிவான ரோச் லைற்றின் இரகசியம் விளங்கும். வெண்ணிற எல்.ஈ.டி.க்கு வேண்டியது ஏறத்தாழ 3 வோல்ற்று. கொடுப்பதோ 4.5. மிகுதி எங்காவது செலவாக வேண்டும். அதற்கென்று ஒரு தடையி வைக்கவேண்டிய இடத்தில் அதனைச் செய்தவர் ஒன்றும் வைக்கவில்லை. சிறு பற்றரியின் பலவீனத்தையே தடையியாக நம்பிவிட்டார்! சுருள்கம்பியும் ஆளியுங்கூட அதற்குச் சிறிது துணைசெய்கின்றன. பிள்ளை நல்ல பற்றரியைப் போட்டாள். அதிலும் இரட்டித்துப் போட்டாள். விளக்குக்குக் காவலாயிருந்த பலவீனம் போய்விட்டது.

வெட்கத்தோடு ஒன்று சொல்லவேண்டும். இந்த உண்மை எனக்குக் கைப்பழக்கத்திலே தெரிந்திருந்த ஒன்று. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. நான் அப்போது இளைஞன். பற்றரியோ வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்னில் வானொலி கேட்டவர்கள் இந்நேரம் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்போரிலும் பலர் இருப்பீர்கள். எங்கள் பெரியப்பா சோர்ந்த பற்றரிகளை வீசுவதில்லை. வெயிலிலே காயவைப்பார். அவற்றால் வானொலி பேசும். ஆனால் தவில் ஓங்கி முழங்கும் இடத்திலே குரல் கம்மி, இழுத்து, நின்றுவிடும். தாழ்ந்த குரலிற் செய்தி வாசிக்கும்போது மீண்டும் பேசும். பெரியப்பா என்ன செய்தார்? ஒரே அளவாகச் சோர்ந்த கலங்களில் நான்கு நான்காக இரு வரிசை எடுத்து, சைக்கிள் ரியூபை நறுக்கிக் கட்டி, பக்கத்துப் பக்கமாக இணைத்தார். தவில் தடையின்றி முழங்கிற்று.

ஓங்கிய ஒலிக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். சோர்ந்த கலத்தின் அகத்தடை மிகப் பெரிது. ஓட்டம் மிகுந்தவுடன் அழுத்தம் அங்கேயே விழுந்துவிடும். இரு வரிசையாக்கியதும் அந்தத் தடை பாதியாயிற்று. பெரியப்பாவின் வானொலியைப் பேசவைத்ததும், என் மாணவியின் விளக்கைக் கருக்கியதும் ஒரே காரணந்தான். இதனை நான் முப்பது ஆண்டுகளாகப் பொருத்திப் பார்க்கவில்லை.

அன்றியும், ஓம் என்னும் அறிஞரின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது மற்றொரு செய்தி தெரியவந்தது. ஜேர்மனியரான ஜோர்ஜ் ஓம், கொலோன் நகரிலே ஒரு பள்ளியிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். 1800இல் வோல்ற்றா கண்டுபிடித்த மின்கல அடுக்கைக் கொண்டே தம் பரிசோதனைகளைத் தொடங்கினார். அதன் நிலையற்ற தன்மை அவரைத் தொல்லைப்படுத்தியது. ஆதலால் செம்பும் பிசுமதும் இணைந்த வெப்பவிணைக்கு மாறினார். 1826இல் அவர் எழுதிய சூத்திரத்திலே கம்பியின் தடைக்கு ஓர் எழுத்தும், மின்னைத் தரும் கருவியின் சொந்தத் தடைக்கு வேறோர் எழுத்தும் இருந்தன. அந்த இரண்டாம் எழுத்தைப் பள்ளிக்கூடத்துச் சுருக்கக் குறிப்புகள் உதிர்த்துவிட்டன. என் பாடமும் உதிர்ந்த பின்பு வந்த பாடமே.

சரி, மின்கலத்தின் பக்கம் இது. ஒன்பது விளக்கும் ஏன் ஒருங்கே கருகவில்லை, ஏன் ஒவ்வொன்றாகக் கருகின என்பதற்கு விளக்கின் பக்கம் போகவேண்டும்.

எல்.ஈ.டி.யை எங்கள் பாடநூல்கள் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று வழங்குகின்றன. காலுதல் என்றால் உமிழ்தல், பழந்தமிழ் வினைச்சொல். அதனை இந்தப் புதுப்பொருளுக்கு எடுத்தாண்டவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம். கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளிகாலும் இருவாயியை அமெரிக்கரான நிக் ஹொலொன்யக் 1962இற் செய்து காட்டினார். நீல ஒளி தருவதை நன்கு செய்வதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதனைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நமது வெண்ணிற விளக்கு என்பது பெரும்பாலும் நீல விளக்கின் மேல் மஞ்சள் ஒளிதரும் பொருளைப் பூசியதே. கருகும்போது அது நீலம்பாரித்ததன் காரணமும் அந்தப் பூச்சுக் கெட்டதாக இருக்கலாம்.

பழைய இழை மின்குமிழுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. இழைக் குமிழிலே அழுத்தம் சிறிது கூடினால் ஓட்டமுஞ் சிறிதே கூடும். இருவாயி அவ்வாறன்று. வன்னி நேயர்களுக்குக் குளத்து வானைச் சொன்னாற் போதும். நீர்மட்டம் வான்கட்டின் விளிம்புக்குக் கீழே நிற்குமட்டும் ஒரு துளியும் வெளியே போகாது. விளிம்பைத் தாண்டி ஓரங்குலம் ஏறினால் நீர் வழிகின்றது. இன்னும் நாலங்குலம் ஏறினால் வெள்ளம். வெண்ணிற இருவாயிக்கு அந்த விளிம்பு 3 வோல்ற்றை அண்டியுள்ளது. அதற்குமேல் பத்திலொரு வோல்ற்றளவு கூடினாலும் ஓட்டம் பெரிதும் பெருகிவிடும். சிறு விளக்குத் தாங்கக்கூடியதோ 20 மில்லி அம்பியர் அளவே.

ஒன்பது விளக்குகளையுஞ் சமாந்தரமாக இணைப்பது ஒரே குளத்துக்கு ஒன்பது வான்கள் கட்டுவது போன்றது. எல்லாவற்றுக்கும் நீர்மட்டம் ஒன்றே; அதாவது அழுத்தம் ஒன்றே. ஆனால் விளிம்புகள் ஒரே உயரமானவையல்ல. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்த விளக்குகளிலும் சிறு வேறுபாடு இருக்கும். விளிம்பு தாழ்ந்த வானிலேதான் அதிக நீர் பாயும். “சமாந்தரத்தில் மின்னோட்டம் பகிரப்படும்” என்று வகுப்பிற் சொல்லும்போது ‘சமமாக’ என்ற சொல்லையுஞ் சேர்த்துச் சொன்னேனோ என்று இப்பொழுது ஐயமாயிருக்கின்றது.

இன்னும் உண்டு. அதிக ஓட்டம் பாயும் இருவாயி சூடாகும். சூடானால் அதற்கு வேண்டிய அழுத்தம் குறைந்துவிடும். பாயும் நீர் தன் விளிம்பையே அரித்து மேலுந் தாழ்த்துவது போல. ஆகவே இன்னும் அதிக ஓட்டம். இன்னும் அதிக சூடு. முதல் விளக்கு மாண்டது இப்படித்தான். அது போனதும் பற்றரியின் இழப்புச் சிறிது குறைந்து, எஞ்சியவற்றுக்கு நீர்மட்டம் மேலும் உயர்ந்தது. அடுத்தது விரைவாகப் போயிற்று.

இதற்குப் பரிகாரம் மிக எளியது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு தடையியைத் தொடராக வைக்கவேண்டும். கணக்கைச் சொல்கிறேன், கடதாசி தேவையில்லை. 4.5 வோல்ற்றில் விளக்குக்கு 3 போக மிகுதி 1.5. அதனை 0.02 அம்பியரால் வகுத்தால் 75 ஓம். கடையிலே கிடைப்பது 82 ஓம்; அதனைப் போட்டால் ஏறத்தாழ 18 மில்லி அம்பியர் ஓடும். ஒரு விளக்கின் விளிம்பு பத்திலொரு வோல்ற்றுத் தாழ்ந்திருந்தாலும் ஓட்டம் ஒரு மில்லி அம்பியரளவே கூடும். ஒன்பதுக்குஞ் சேர்த்து ஒரே தடையி வைத்தாற் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. ஒன்று அணைந்தால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். தடையிகள் வைப்பதால் நட்டமும் உண்டு. பற்றரி தரும் சக்தியில் மூன்றிலொரு பங்கு வெறுஞ் சூடாகப் போகின்றது. தொழிற்சாலையிற் செய்யும் நல்ல விளக்குகளில் ஓட்டத்தை நிலையாக வைத்திருக்கும் சுற்று ஒன்றை அமைத்து அந்த நட்டத்தைக் குறைக்கிறார்கள். வீட்டுக் குமிழ்களிலே இருவாயிகளைப் பெரும்பாலும் தொடராகக் கோப்பதும் இதனாலேதான். தொடரிலே எல்லாவற்றுக்கும் ஓட்டம் ஒன்றே. பங்கீட்டுப் பிணக்கு இல்லை.

மின்கலங்களைச் சமாந்தரமாக இணைக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. இன்று சூரிய மின்பலகையும் சேமிப்புக்கலமும் பல வீடுகளுக்கு வந்துவிட்டபடியால் இதனைச் சொல்லாமல் விட மனமில்லை. நிறைந்த தொட்டியையும் வறிய தொட்டியையும் அடிக்குழாயால் இணைத்தால் என்ன நேரும்? ஒன்று மற்றதற்குள் பாயும். நன்கு ஏற்றிய 12 வோல்ற்றுக் கார்ப் பற்றரி உண்மையில் 12.7 அளவு காட்டும், இறங்கியது 11.9 காட்டும். வேறுபாடு 0.8 வோல்ற்றுத்தான். ஆனால் இரண்டின் அகத்தடையுங் கம்பியுஞ் சேர்ந்து 0.04 ஓம் என்று கொண்டால், இணைத்த கணத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு 20 அம்பியர் பாயும். விளக்கொன்றும் எரியாமலே இது நடக்கும். மெல்லிய கம்பியானால் அதன் உறை உருகும். உலர்கலங்களில் புதியதோடு பழையதைச் சேர்த்தால், பழையது புதியதைக் குடித்துவிடும். சாதாரண உலர்கலம் ஏற்றத்தைத் தாங்காது, கசிந்து கருவியையுங் கெடுக்கும். பழைய மடிக்கணினிகளிலிருந்து இலிதியக் கலங்களைப் பிரித்தெடுத்து இளைஞர்கள் அடுக்குகிறார்கள். அவற்றிலே ஒன்று நிரம்பியும் மற்றது வற்றியும் இருக்கும்போது இணைப்பது தீயோடு விளையாடுவதே. ஒரே வகை, ஒரே வயது, மீற்றரில் ஒரே அழுத்தம். இந்த மூன்றும் பொருந்தாவிடின் இணைக்கவே வேண்டாம்.

என் மாணவியின் இரு வரிசையும் ஒரே காலத்தில் வாங்கியவை. அவள் இணைப்பிலே ஒரு பிழையும் இருக்கவில்லை.

பரீட்சைப் பெறுபேறு பார்க்க அவள் பாடசாலைக்கு வந்த அன்று, அலுமாரியின் மேலிருந்த மட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். முதியவர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். “அன்றைக்கு நான் சொன்னது பிழை, பிள்ளை, நீர் இணைத்தது சரி” என்றேன். அவள் சிறிது நேரம் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பரீட்சைக்கு முன்னம் தெரிஞ்சிருந்தால் நல்லா இருந்திருக்கும், சேர்.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை.

கடையில் ஒன்பது தடையிகளும் ஒன்பது விளக்குகளும் வாங்கிக் கொடுத்தேன். ஈயம் வைத்து ஒட்டியது அவளே. ஒன்பதுக்குஞ் சேர்த்து ஓடுவது 160 மில்லி அம்பியரளவு. நல்ல அல்கலைன் வகைத் தடித்த கலம் 12 அம்பியர்-மணி வரை தரும். இரு வரிசையென்றால் 24. கணக்குப்படி நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரியவேண்டும். கடைசியில் மங்கித்தான் எரியும். அந்த விளக்கிலே இப்பொழுது அவளுடைய தம்பி படிக்கின்றான். ஒன்பதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சற்று மங்கலாக இருக்கின்றதாம். அதன் விளிம்பு உயரம் போலும்.